நேர்முகத்தில் போட்ட குரவை

எனக்குப் பிறவியிலேயே பெரிய தொண்டை. எங்கள் வயல் வட்டையின் வரம்பில் நின்று கூப்பிட்டால் வாவியில் தோணி விடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும், பட்டணத்தில் வளர்ந்த அண்ணன் மனைவி, என் மச்சாள், முதலில் அந்தத் தொண்டைக்குத்தான் பூட்டுப் போட்டார்.

"அங்க பெரியவ வெள்ளைக்காரி. தமிழ் நல்லாப் பேசுவா. அவவுக்கு முன்னால கத்தப்படாது புள்ள, பூப்போலப் பேசவேணும்."

அடுத்த வருடம் எனக்கு வயது கடந்துவிடும். கிடைத்தால் இந்த முறை, இல்லாவிட்டால் இல்லவே இல்லை. ரீச்சராகும் ஆசையில் எதற்கும் தயாராக இருந்தேன். மச்சாள் பெட்டகத்தில் ஏறியிருந்து வெள்ளைக்காரியாவார். நான் முன்னால் நின்று முணுமுணுப்பேன். பழக்கம் முற்றி, சோறு கேட்டதுகூட அம்மாவின் காதில் விழாமல் போயிற்று.

அம்மாவுக்கும் ஒரு பயிற்சி இருந்தது, வாய் திறக்காமல் இருப்பது. ஊரில் கலியாணமோ கோயில் சடங்கோ, பெண்கள் கூடி எழுப்பும் குரவை ஒலியில் முதற் குரல் அவருடையதுதான். ஒருத்தி குரவை தொடங்கினால் மற்றப் பெண்கள் சேராமல் விடுவது எங்கள் பக்கத்தில் பெரிய குறை.

நேர்முகத்தன்று அம்மா, மச்சாள், நான் மூவரும் தோணியில் வாவி கடந்து போனோம். அவர்கள் இருவரும் விறாந்தையில் இருக்க, நான் உள்ளே போய்ப் பூப்போலப் பேசினேன். வெள்ளைக்காரி முன்னால் சாய்ந்தார், இன்னும் சாய்ந்தார், பிறகு பேனாவை வைத்துவிட்டார்.

"எனக்கே கேட்கவில்லை. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்? குரல் இல்லாதவரை நாங்கள் எடுப்பதில்லை."

பூவாவது மண்ணாவது.

"குரல் இருக்கு மிஸ்" என்றேன். அதுவும் முணுமுணுப்பாகவே வந்தது. வேறு வழி தெரியாமல் நாக்கைச் சுழற்றி ஒரு குரவை போட்டேன்.

விறாந்தையிலிருந்து அம்மா அதை எடுத்தார். அடுத்தது மச்சாள், பூப்போலப் பேசச் சொன்ன அதே மச்சாள். தங்கள் பிள்ளைகளோடு காத்திருந்த மற்றத் தாய்மாரும் காரணம் கேளாமலே சேர்ந்துகொண்டார்கள்.

வெள்ளைக்காரி காதைப் பொத்தியபடி, "இது எதற்கு?" என்றார்.

"நல்ல காரியம் நடந்தாப் போடுறது, மிஸ்."

"என்ன நடந்தது?"

"எனக்கு இடம் கிடைச்சிட்டுது எண்டு வெளியில நினைக்கிறாங்க."

குரவை ஓயட்டும் என்று அவர் பார்த்திருந்தார். அது ஓயவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"வெளியே போய் இடம் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது" என்றார்.