மாட்டுக்கொட்டில் மண்

போர் முடிந்து மூன்றாம் வருடம். அண்ணை வன்னிக்குத் திரும்பிப்போய் எங்கள் காணியில் தனக்கொரு கொட்டிலும் மாட்டுக்கொரு கொட்டிலும் போட்டு இருந்தார். நான் இங்கே கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு சின்ன அலுவலகத்தில், எந்தக் காணி மண்ணில் எவ்வளவு காபன் இருக்கிறதென்று கணினியில் பார்க்கும் வேலையில் இருந்தேன். மண்வெட்டி பிடித்தறியாத எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய பகிடி.

சிறு கமக்காரருக்கான திட்டம் அது. ஆளுக்கொரு ஃபோன் கொடுப்போம். செயலி காட்டும் இருபது இடங்களுக்கும் நடந்துபோய், ஒரு சாண் தோண்டி, மண்ணைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நிறத்தை வைத்துச் செயலி காபனைக் கணிக்கும்; கறுப்பு மண்ணில் காபன் அதிகம். வருடா வருடம் காபன் கூடினால் விதையும் பசளையும் தொடர்ந்து கிடைக்கும். மழை பிந்தினாலும் மண் ஈரம் பிடித்து வைத்திருக்கும். கெஞ்சிக் கூத்தாடி அண்ணையின் பெயரைச் சேர்த்துவிட்டது நான். மாத முடிவுக்குள் இருபது படமும் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

வந்தது ஏழு. ஏழும் கரிக்கட்டி மாதிரிக் கறுப்பு. எரிந்து கிடந்த காணியில் இப்படியொரு மண்ணா? வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஏழு புள்ளியும் மாட்டுக்கொட்டிலைச் சுற்றி! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அண்ணை, உது சாணி. உதை ஏன் படம் பிடிச்சனீங்கள்?"

"கனடாவில வெள்ளைக்காரர் பாக்கிறது. எங்கட காணியைக் குறைவாக் காட்டலாமே?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆட்கள் வந்தால் அலுமாரியிலிருந்து புதுக் கோப்பையை எடுப்பதுபோல, நல்ல மண்ணாகப் பார்த்து எடுத்திருக்கிறார். தொடக்கத்தில் குறைவாக இருந்தால்தான் பிறகு கூடினது தெரியும், இப்போதே உச்சியில் நின்றால் எதைக் கூட்டிக் காட்டுவது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "ஓம், ஓம்" என்றார். அடுத்த கிழமை வந்த மூன்று படமும் அதே கொட்டில், அதே சாணி. ஒன்றில் மாட்டின் குளம்பும் விழுந்திருந்தது.

அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

"செயலி காட்டின தெற்கு எல்லை வரைக்கும் நடக்க உங்களுக்கு என்ன பஞ்சி? மிதிவெடியெல்லாம் எடுத்து முடிஞ்சுதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம், முடிஞ்சுது. ஒரு பிரச்சினையும் இல்லை."

"பிறகென்ன? உங்களுக்காக நான் இஞ்ச ஆக்களிட்ட வெக்கம் கெட்டு நிக்கிறன். வெள்ளிக்கிழமைக்குள்ள வராட்டி என்னோட கதைக்காதேங்கோ."

"கோவிக்காதை பிள்ளை. எடுத்து அனுப்புறன்."

ஒரு பிரச்சினையும் இல்லை. எங்கள் ஆட்கள் ஃபோனில் வேறென்ன சொல்வார்கள்? எனக்கு இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது நானும் அண்ணைக்கு அதைத்தான் சொன்னேன். இது தெரிந்திருந்தும் எனக்கு அன்று உறைக்கவில்லை. விசரி.

வெள்ளிக்கிழமை காலை, மோர்னிங்சைட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது படம் வந்தது. தெற்கு எல்லையேதான். சாம்பல் நிறத்தில் உயிரில்லாத மண், எங்களுக்கு வேண்டிய அதே மண். அப்பாடா என்று பெருப்பித்துப் பார்த்தேன். ஃபோனைச் சரித்துப் பிடித்திருந்தார்போல; தோண்டிய குழிக்குப் பின்னால் மஞ்சள் நாடா ஓடியது. அதன் கீழே மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை ஒன்று சரிந்து கிடந்தது. பலகைக்கு அப்பால், தூரத்தில், மாட்டுக்கொட்டிலின் கூரை. கொட்டிலிலிருந்து புறப்பட்டு, நாடாவைத் தாண்டிப் போய்த்தான் தோண்டியிருக்கிறார்.

செயலி அவருக்கு உடனேயே பதில் அனுப்பியிருந்தது: "நன்றி! அடுத்த புள்ளிக்குச் செல்லுங்கள்." அந்த வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அண்ணைக்குக் கோல் எடுத்தேன். இரண்டு தரம் அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தார்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? ஒரு அடி எடுத்து வைக்காதேங்கோ!" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதிலதான் நிக்கிறன்," என்றார். "ஏன் பிள்ளை, படம் வடிவா விழேல்லையோ?"