மொட்டை மாடித் தீர்ப்பு

கருங்குழிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா வீட்டில், ஒரு கோடை விடுமுறை முழுக்க அமெரிக்க மாதிரி ஆட்சி நடந்தது. அதைக் கொண்டுவந்தவள் பெரியப்பாவின் மூத்த மகள். கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்த அக்கா. மக்களாட்சி மேல் இருந்த பற்றினால் செய்தாள் என்று சொல்ல முடியாது. அரியர் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் போதும், எங்களில் யாராவது ஒருவர் அழுதுகொண்டே புகார் சொல்லப் போய் நிற்பது வழக்கம். அந்தத் தொல்லை தாங்காமல்தான் செய்தாள்.

அக்காவின் தம்பி எங்களில் பெரியவன். எல்லோருக்கும் அவன்தான் அண்ணன். சித்தியின் இரட்டைப் பெண்கள் இருவர், அப்புறம் அத்தை மகன். கடைசியாக நான். வீட்டு வேலை செய்ய அத்தை குவைத் போயிருந்ததால் அவள் மகன் பெரியப்பா வீட்டிலேயே வளர்ந்தான். விடுமுறை முடிந்தால் நாங்கள் எங்கள் வீடுகளுக்குப் போய்விடுவோம். அவனுக்குப் போக வேறு வீடு கிடையாது.

ஓட்டுப் போட்டு அண்ணனை அதிபராக்கினோம். சட்டம் போடும் சபைக்கு மூன்று பேர் என்று அக்கா சொன்னாள். அதற்குத் தனியாக ஓட்டு நடந்தது. தோற்றவள் நான் ஒருத்திதான்.

"நம்ம ஊர்ல எம்.பி.ங்க சேந்து பிரதமர மாத்திடலாம். அங்க அதிபர் தனி, சபை தனி. புடிக்கலன்னு ஒருத்தர ஒருத்தர் வூட்டுக்கு அனுப்ப முடியாது" என்றாள் அக்கா.

முறுக்கு டப்பா சபையின் வசம் போனது. அண்ணன் நாளெல்லாம் கிரிக்கெட் என்று உத்தரவு போட்டால் டப்பா திறக்காது. சபை நாளெல்லாம் கண்ணாமூச்சி என்று சட்டம் போட்டால் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டான். கடைசியில் இரண்டு தரப்பும் பேசித்தான் தீர வேண்டியிருந்தது. அக்காவுக்கு வேண்டிய அமைதி ஓரளவு கிடைத்தது.

மிச்சமிருந்த என்னை நீதிபதியாக்கலாம் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான். சபையும் ஒத்துக்கொண்டது. ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் விடுமுறை முடியும்வரை யாரும் என்னை எடுக்க முடியாது என்று அக்கா சொன்னதைத் தவிர, அந்தப் பதவியில் வேறு சுகம் இல்லை. யாரும் வழக்கு கொண்டுவரவில்லை.

பெரியப்பா எங்களை மாமல்லபுரம் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் வழக்கு வந்தது. மொட்டை மாடியில் விதைக்காகக் காயப்போட்டிருந்த வேர்க்கடலை முழுதும் நனைந்து கிடந்தது. யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்ததில் மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்திருந்தது. பெரியப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட அடங்கிவிட்டது. கடைசியாக மாடியில் இருந்தவன் அத்தை மகன்தான் என்றும், தண்டனையாக அவன் கடலுக்கு வரக்கூடாது என்றும் அதிபர் அறிவித்தான்.

அத்தை மகன் கடலைப் பார்த்ததே இல்லை. அந்த மாதம் முழுக்க அலை எவ்வளவு உயரம் வரும் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தவன், தொட்டிச் சுவரில் சாய்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். சொந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கத்தியிருப்பான்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. இது வழக்கு, நான்தான் விசாரிக்க வேண்டும் என்றேன்.

"நீ பாத்தியா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"பாக்கல. வேற யாரு போட்டிருப்பா?"

"நான் எறங்கும்போது மோட்டாரே ஓடல" என்றான் அத்தை மகன், தரையைப் பார்த்தபடி.

போட்டதைப் பார்த்தவர் யாருமில்லை. பார்க்காமல் தண்டிக்க முடியாது, அவனும் வரலாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் என்னை முறைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

காலையில் பெரியப்பாவின் லோடு வண்டி வாசலில் நின்றது. நாங்கள் பின்னால் ஏறினோம். அத்தை மகன் ஏறக் காலைத் தூக்கியபோது, "நீ இன்னா ஏறிக்கினு கீற? கடலைய நாசம் பண்ணவனுக்குக் கடலு ஒரு கேடா? எறங்கு" என்றார் பெரியப்பா. அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் வண்டியிலிருந்து குதித்தான்.

"அவன் வரலாம்னு ஜட்ஜு சொல்லிட்டா, நைனா."

"எந்த ஜட்ஜுடா?"

அண்ணன் என்னைக் கைகாட்டினான். "அவன்தான் போட்டான்னு நான் இப்பவும் சொல்றேன். ஆனா தீர்ப்பு ஆயிடுச்சி. அவன் வரலன்னா நானும் வரல."

பெரியப்பா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதையோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்ப முன்னால் போனார். அண்ணன் அத்தை மகனை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிட்டான்.

மாமல்லபுரத்தில் முதல் அலை காலைத் தொட்டதும் அத்தை மகன் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினான். அப்புறம் சாயங்காலம்வரை தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை. அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அண்ணன் கூடவே நின்றான். மோட்டாரைப் போட்டது யார் என்பது இன்றுவரை தெரியாது.

திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அத்தை மகன் அண்ணன் தோளில் தூங்கிப்போனான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஒரு சொல் அவனைக் கடல்வரை கொண்டுபோய்விட்டதாக நினைத்தேன். உண்மையில் என் கையில் டப்பாவும் இல்லை, வண்டியும் இல்லை. தனக்கு எதிராக ஒரு சின்னப் பெண் சொன்னதை, தனக்கே சம்மதமில்லாத ஒன்றை, அப்பாவை எதிர்த்து நின்று நிறைவேற்ற அண்ணன் ஒருவன் இருந்தான். அதற்காக இன்றும் மனதுக்குள் அவனுக்கு நன்றி சொல்கிறேன். அன்று வண்டியில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் எனக்குப் பயந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.