தபீதாள் எழுதிய அறுபத்திரண்டு பக்கம்

தபீதாளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பைபிள் சங்கீதம் முணுமுணுப்பாள். 1986-இலும் 87-இலும் அவள் முணுமுணுத்ததற்கெல்லாம் ஒரே ஆள்தான் காரணம், எர்னஸ்ட்.

திருப்பதியில் ஒரு கல்லூரியின் பரீட்சைப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஏ.சி. அறைக்குள் போகவேண்டும். மார்க் பட்டியல் போடும் புரோகிராமை எழுதியவன் எர்னஸ்ட். அதை ஓட்டும் ஆபரேட்டர் தபீதாள். அவள் புருஷன் அசரியா சித்தூரில் வாத்தியார். மூன்று வயது மகள் அங்கே அவரோடும் நாத்தனாரோடும் இருந்தாள். தபீதாள் ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை பஸ் பிடிப்பாள். குழந்தை அவளைத் "திருப்பதி அம்மா" என்று கூப்பிடும். அப்படியென்றால் சித்தூர் அம்மா யார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

கல்லூரியின் சித்தூர் கிளைக்கு அவளுக்கு மாற்றல் ஆர்டர் வந்தாயிற்று. ஆனால் அனுப்பினால்தானே! கம்ப்யூட்டரை ஓட்டும் விதத்தைப் புத்தகமாக எழுதி, அடுத்து வரும் நாகபூஷணத்திடம் ஒப்படைத்தால்தான் விடுவிப்பேன் என்றார் சூப்பரிண்டெண்ட். புத்தகம் எங்கே? எர்னஸ்டின் மண்டைக்குள்.

"எழுதிக் குடுங்கண்ணே."

"எதுக்கு சிஸ்டர் எழுதணும்? நான்தான் இங்கியே குந்திக்கினு கீறேனே. கேளுங்க, சொல்றேன்."

சொல்லவும் செய்வான், அதுதான் வயிற்றெரிச்சல். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டான். அவன் மேஜையைச் சுற்றி எப்போதும் நாலு பேர், நாலு டீ. பதில் சொன்னதும் "அட, இவ்வளவுதானா!" என்று யாராவது வாயைப் பிளப்பார்கள், அவன் முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும். வெறும் காகிதம் வாயைப் பிளக்குமா? எழுத உட்கார்ந்தால் அவனுக்குக் கொட்டாவிதான் வந்தது. ஈஸ்டருக்குள் என்றான், கிறிஸ்துமஸுக்குள் என்றான். ஒருநாள் நோட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, எழுதாமல் நகரமாட்டேன் என்று தபீதாள் நின்றாள். அரை மணி கழித்து அதில் இரண்டு வரி இருந்தது. 'மெஷினைப் போடவும். சந்தேகம் வந்தால் எர்னஸ்டைக் கேட்கவும்.'

அடப்பாவி!

அன்றைக்கே அவள் தானே எழுத ஆரம்பித்தாள். அவனிடம் கேட்பாள், அவன் வாயை மூடுவதற்குள் எழுதிவிடுவாள். எந்த ஃப்ளாப்பியை முதலில் போடுவது, பிரிண்டர் பாதியில் நின்றால் என்ன செய்வது, ஒரே நம்பர் இரண்டு தடவை வந்தால் என்ன செய்வது, ஒன்று விடவில்லை. நாலு மாதத்தில் அறுபத்திரண்டு பக்கம். நாகபூஷணத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, புத்தகத்தைப் பார்த்தே முழுப் பட்டியலும் போடவைத்தாள். அழகாகப் போட்டான். சூப்பரிண்டெண்ட் கையெழுத்துப் போட்டார்.

சித்தூரில் சேர்ந்த இரண்டாம் நாளே ஆபீசுக்குப் போன் வந்தது. நாகபூஷணம்தான்.

"அக்கா, பிரிண்டர் நின்னுபோச்சி. ஏம் சேயாலி, என்னா செய்யறது?"

"பதினாலாம் பக்கம் பாருப்பா."

"எர்னஸ்ட் அண்ணனச் சுத்தி ஒரே கூட்டம். புக்கு எதிர்லதான் கீதுக்கா. அத்தப் பொரட்டிக்கினு இருக்கறதுக்கு, நீங்க ஒரு வார்த்த சொன்னா ஆச்சில்ல?"

சண்டை போட்டால் பத்து நிமிஷம் ஆகும், சொன்னால் இரண்டு நிமிஷம். சொன்னாள். "அப்பாடா, நீங்க இல்லன்னா என் கதி என்னாவும்!" என்றான் அவன். போனை வைத்தபோது அவளுக்கு மனசு குளுகுளுவென்றுதான் இருந்தது. அப்படி இருந்ததே என்று எரிச்சலும் வந்தது. மறுநாள் மூன்று தடவை கூப்பிட்டான். பன்னிரண்டு நாளில் இருபத்தாறு தடவை. அவன் கேட்ட அத்தனையும் புத்தகத்தில் இருந்தது. அத்தனைக்கும் அவள் பதில் சொன்னாள்.

பதின்மூன்றாம் நாள் சூப்பரிண்டெண்டே பேசினார்.

"போன்ல எவ்ளோ பாகா, எவ்ளோ நல்லா சொல்றீங்க, தபீதா காரு! அத்த இங்கியே வந்து உக்காந்து சொல்லிடுங்க. மாற்றலைக் கேன்சல் பண்ணிட்டேன். திங்கட்கிழமை ஜாயின் பண்ணுங்க."

"புத்தகம் இருக்கே சார்! எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேனே!"

"புஸ்தகம் இருக்குதும்மா, யார் இல்லன்னா? அது இருந்தும் உங்களத்தானே கேக்கறாங்க?"



சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அசரியாவுக்கு வந்ததே கோபம். "பக்கத்தப் பாருன்னு சொல்லிட்டுப் போன வெச்சிருக்கக் கூடாதா? உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"ரெண்டு நிமிஷ வேலதானேன்னு..." என்றாள் தபீதாள்.

மகள் அப்போதுதான் அவளை ஒட்டிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தாள். ஒன்றரை வருஷமாக எர்னஸ்டைத் திட்டிய தபீதாள், இனி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஹாஸ்டல் பெட்டியில் துணியை அடுக்கினாள்.