மணி இங்கே, நாக்கு எதிர்க்கடையில்

பற்கள் வெந்துகொண்டிருக்கின்றன. மூடிய பாத்திரத்துக்குள் ஒரு முழு மேல்வரிசை. அடுப்பைத் தணித்துவிட்டு, முழங்கை வரை கழுவித் துடைத்து, முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, அக்கா இழுப்பறையைத் திறக்கிறார். உள்ளே பச்சைத் துணியில் வெள்ளிக் காசுகள். ஒன்றை விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து விளக்கடியில் சாய்க்கிறார். முகக்கவசம் எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "நம்ம எச்சில் பட்டா வெள்ளி கறுத்துரும். இத்தன நூறு வருஷம் தாங்கி வந்தது, நான் பேசிப் பேசிக் கறுக்கணுமா?" என்றார். பேச்சைக் குறைக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மருத்துவர்கள் அனுப்பும் வாயளவை வைத்துப் பல் செட் செய்வது அவர் தொழில். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் கடைவாயில் ஒரு பல் அவருடைய கைவேலை. தெருவில் அவருக்குப் 'பல்லக்கா' என்று பெயர். புதிதாகக் குடிவருபவர்கள் 'பல்லக்கு' என்று காதில் வாங்கிக்கொண்டு, யார் ஏறிப் போகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். குள்ளமான, அகன்ற உருவம். புருவத்தில்கூட பிளாஸ்டர் மாவு. எதிரில் நிற்பவர் கொட்டாவி விட்டால் போதும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வாய்க்குள் பார்ப்பார்.

காசுகள் ஜெர்மனி நாட்டவை. பிரபுக்கள் ஆளுக்கொரு ஊரை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு காசு அடித்துக்கொண்டிருந்த காலத்து 'தாலர்'கள். "டாலருக்கே அம்மா இதுதான். பேர்லயே சாடை தெரியுதுல்ல?" என்பார். தொழில் பழகிய புதிதில் வெள்ளி உருக்கும் கடைக்குப் போயிருக்கிறார். உலைக்குப் போகவிருந்த பழைய பாத்திரங்களுக்கு நடுவே ஒரு தாடிக்காரர் காசில் இருந்தபடி அவரைப் பார்த்தாராம். முகம் உள்ள மனிதரை நெருப்பில் போட அக்காவுக்கு மனம் வரவில்லை. எடைக்கு எடை கொடுத்து வாங்கி வந்தார். அன்று பிடித்தது, விடவில்லை.

மற்றவர்கள் காசில் வருடத்தைப் பார்ப்பார்கள், எழுத்தைப் பார்ப்பார்கள். அக்கா பார்ப்பது வாயை. "இவருக்கு மேல்வரிசை மொத்தமும் போச்சு. உதடு உள்ள மடங்கியிருக்கு பாருங்க. மார்ல இரும்புக் கவசம் மாட்டி என்ன பிரயோசனம், ஒரு ரொட்டித் துண்டக் கடிக்க முடியாது." இப்படி ஒவ்வொரு பிரபுவுக்கும் மனதுக்குள் ஒரு பல் செட் அளவெடுத்து வைத்திருக்கிறார்.

அவருடைய உயிர் இருப்பது மணிக் காசுகளில். 1643இல் ஒரு பிரபு அடித்தவை அவை. அவருடைய ஊரை வேறொரு படை பிடித்து உட்கார்ந்துகொண்டு, போகிறேன் போகிறேன் என்று இழுத்தடித்தது. கடைசியில் ஊர் கைக்குத் திரும்பியதும், பட்ட பாட்டையெல்லாம் ஏழு விதமான தாலர்களில் மணியின் கதையாக அடித்துவிட்டார். ஒன்றில் நாக்கில்லாத மணி. இன்னொன்றில் மணியில்லாமல் நாக்கு மட்டும். ஏழாவதில் ஊருக்கு மேலே மணி ஆடுகிறது. "கோவத்த இப்படி அழகாக் காசாக்கின ஆள் வேற யாரும் கெடையாது" என்பது அக்காவின் தீர்ப்பு.

ஏழில் நான்கைப் பிடிக்கவே அவருக்குப் பாதி ஆயுள் போயிற்று. ஏலம் கணினித் திரையில் நடக்கும். கேட்பவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். மற்ற மூன்றும் அவர் கண்ணெதிரே, ஒவ்வொரு முறையும் அதே எண்ணுக்குப் போயின. அந்த எண்ணுக்கு அக்கா ஒரு உருவம் கொடுத்திருந்தார்: கோட்டு சூட்டு, பெரிய மேசை, காலடியில் ஒரு நாய். ஒரு சாபமும் வைத்திருந்தார். "நல்லா இருக்கட்டும், நான் வேணாங்கல. பல்லு மட்டும் ஒண்ணொண்ணா ஆடட்டும்."

சாபம் பலித்தது, தெருவைத் தாண்டாமல்.

நேர் எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் ஒல்லியான மனிதர், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளை கிடையாது. ஒரு நாள் முற்பகல் உடைந்த பல் செட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பொக்கை வாயோடு அக்காவின் பட்டறைக்கு வந்தார். நான் வீட்டு வாடகையைக் கொடுக்க அங்கே நின்றிருந்தேன். அக்கா கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டிருக்க, அவர் விளக்கடியில் இருந்த காசைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

"நாக்கில்லாத மணி" என்றார்.

அக்காவின் கை நின்றது. "அண்ணா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத ஏலம் விட்ட அன்னைக்கு எங்க கடைல கரெண்டு போயிருச்சும்மா. இல்லன்னா இது இங்க இருந்திருக்காது." பொக்கை வாயில் சொற்கள் காற்றாக வந்தன. "நாக்கு எங்கிட்டதான் இருக்கு."

பின்கட்டில் மரம் இழைத்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் தலையை நீட்டினார். அவர் தச்சர், பேச்சை மரத்தூள்போல் இறைக்காதவர். "அப்ப பல்லு மட்டுந்தான் எங்ககிட்டயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி இழைக்கப் போய்விட்டார். சிரித்தது நான் ஒருவன்தான்.

அக்கா பல் செட்டை அருமையாக ஒட்டிக் கொடுத்தார், ஆனால் கணவர் கையில் கொடுத்தனுப்பினார். கூடவே அந்த எண்ணுக்குப் போன மூன்று காசுகளையும் விலைக்குக் கேட்டும் சொல்லியனுப்பினார். கடைக்காரர் மறுத்துவிட்டு, அக்காவின் நான்கையும் தான் எடுத்துக்கொள்வதாகப் பதில் அனுப்பினார். அவ்வளவுதான். அக்கா வேலை மேசையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். எதிரே கடைக்காரர் கண்ணாடிச் சன்னலில் இவர் பக்கம் தெரியாதபடி ஒரு பெரிய விளம்பரத் தட்டியைத் தொங்கவிட்டார். தெருவில் எல்லோருக்கும் விஷயம் எட்டிவிட்டது. என்ன விஷயம் என்றுதான் யாருக்கும் புரியவில்லை.

ஒரு நாள் மாடிப்படியில் அக்கா என்னை நிறுத்தினார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். "இத்தன வருஷம் திட்டுறதுக்கு எனக்குன்னு ஒருத்தன் இருந்தான். எதிர்ல இருக்கிற மனுசன எப்படித் திட்டுறது? எனக்குக் கண்ணாடி போட்டுவிட்டதே அவர்தான்" என்றார். குரல் வாடியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் தச்சர் ஒரு செய்தி கொண்டுவந்தார். தனக்குப் பிறகு இந்தக் காசுகளைப் பார்க்க யார் இருக்கிறார்கள், அடுத்த ஏலத்தில் மூன்றையும் போட்டுவிடலாம் என்று கண்ணாடிக்காரர் சொன்னாராம். அதைக் கேட்ட அக்கா, அன்று செய்த கீழ்வரிசையில் இடப்பக்கத்துப் பல்லை வலப்பக்கம் வைத்துவிட்டுப் பிறகு பிரித்து மாற்றினார். அவர் கை தவறி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

தச்சர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நல்ல பழைய தேக்கில் ஒரு தட்டு செய்தார். அதில் காசு அளவுக்கு ஏழு வட்டக் குழிகள். தட்டைக் கொண்டுபோய் எதிர்க்கடை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் கண்ணாடிக்காரர் தட்டோடு வந்தார். மூன்று குழிகளில் அவருடைய காசுகள். மற்ற நான்கும் வெறுமையாக இருந்தன.

"காலியா இருக்கிறதப் பாக்க முடியலம்மா" என்றார்.

அக்கா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தம் நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசிக் காசு குழியில் இறங்கியபோது மெல்லிய ஓர் ஒலி வந்தது. தச்சரும் வந்து சேர, மூன்று பேரும் தட்டைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். நாக்கும் மணியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அக்கா, "ஏன்ணா, நீங்களும் விக்க வேணாம், நானும் விக்க வேணாம். ஆறு மாசம் பொறந்த வீடு, ஆறு மாசம் புகுந்த வீடுன்னு போய்ட்டு வரட்டுமே" என்றார்.

"எது பொறந்த வீடு?"

அதற்கு மட்டும் இன்றுவரை முடிவு வரவில்லை. தினமும் மாலையில், தட்டு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் இதே வழக்குதான் நடக்கிறது. இருவரும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒருவர் தலையை ஒருவர் தள்ளிப் பார்க்கிறார்கள். எந்தப் பிரபுவின் மூக்குக்கு எந்தக் கண்ணாடிச் சட்டம் எடுப்பாக இருக்கும் என்று கண்ணாடிக்காரர் சொல்கிறார். வாய் பற்றி அவர் கருத்துச் சொன்னால் மட்டும் அக்கா விடுவதில்லை. ஏலம் போடும் யோசனை என்ன ஆயிற்று என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். எந்த ஏலம் என்று திருப்பிக் கேட்டார். விளம்பரத் தட்டி எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

முதல் ஆறு மாதம் தட்டு அக்கா வீட்டில் இருந்தது. தவணை முடிந்த அன்று அவர் அழுவார் என்று தச்சர் என்னிடம் மெதுவாகச் சொல்லி, துணைக்கு இருக்கச் சொன்னார். அக்கா அழவில்லை. சன்னலோரம் வைக்கக் கூடாது, ஈரக்கையால் தொடக் கூடாது, தும்மல் வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடிக்காரர் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தெருவோரம் வந்து நின்றார். வண்டிகள் இரண்டு பக்கமும் விடாமல் பாய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு காலை எடுத்து வைப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தார்.

அக்கா பிளாஸ்டர் மாவு படிந்த மேலங்கியோடு, செருப்புகூடப் போடாமல், நடுத்தெருவில் இறங்கினார். வந்த பேருந்துக்கு நேராக வெள்ளைக் கையைத் தூக்கிக் காட்டி நிறுத்தினார். பேருந்துக்குப் பின்னால் எல்லாம் நின்றன. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். கண்ணாடிக்காரர் அடிமேல் அடி வைத்துக் கடந்து, தம் கடைப் படியில் ஏறும்வரை அக்கா கையை இறக்கவே இல்லை.