உடம்பு உள்ளவளுக்கு உடம்புக்கு வராதாம்

தண்ணீர் தெளித்த மல்லாட்டைத் தோலின் புழுங்கல் வாசனையும், அதை உடைத்து உடைத்துக் கட்டைவிரல் நுனி உரிந்து எரிகிற எரிச்சலும்தான் திண்டிவனத்தில் எங்களுக்குத் தை, மாசி மாதங்கள். பாடப் புத்தகத்தில் வேர்க்கடலை என்று போட்டிருந்ததை வேறு ஏதோ பண்டம் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். மண்டி முற்றத்தில் பெண்கள் வரிசையாகக் "குந்திக்கினு" உடைப்பார்கள். அந்த வரிசையில் எல்லோருக்கும் முன்னால் கூடையை நிரப்பிவிட்டு எழுகிறவள் என் சின்னம்மா ரோசம்மா, அம்மாவின் தங்கை. கட்டிக்கொடுத்த மறு வருஷமே புருஷனைப் புதைத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவள்.

யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் ஊரே கேப்பைக் கூழில் காலம் தள்ளியபோது, சின்னம்மா மட்டும் பெருத்தாள். முகம் உப்பியது, குரல் கரகரத்தது, நல்ல வெயிலிலும் குளிருகிறது என்று சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கை ஓடாமல், கூடையை முன்னால் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒடம்பு முடியலக்கா" என்று அவள் வாய் திறந்தால் போதும், "இம்மாம் ஒடம்ப வெச்சிக்கினு ஒடம்பு முடியலையாம்!" என்று வரிசையே சிரிக்கும். நோஞ்சானுக்குத்தான் நோய் வரலாம், சதை போட்டவளுக்கு அந்த உரிமை கிடையாது. இதைவிட என்னை இன்றைக்கும் கொதிக்க வைப்பது தெருவில் பேசிய பேச்சு: "தாலியறுத்தவ துக்கத்துல எளைக்கணும். இவ பூரிச்சிக்கினு போறாளே, மனசுல துக்கம் இருக்குமா?" துக்கத்தைக்கூடவா தராசில் வைத்துப் பார்ப்பார்கள்? பார்த்தார்களே!

"வாயக் கட்டு" என்று அப்பா சொன்னார். அவளுடைய கூழ் பாதியாயிற்று. பாதிக் கூழிலும் உடம்பு ஏறியது. "அப்போ மண்டியில மல்லாட்டைய முழுங்குறா" என்று மண்டி மேஸ்திரி கண்டுபிடித்தார். சாயங்காலம் எடை ஏறியிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, காலையில் உள்ளே வந்ததும் மூட்டை நிறுக்கிற தராசுப் பலகையில் அவளை உட்கார வைத்து, எதிர்ப் பலகையில் எடைக்கல்லை அடுக்கினார். எல்லோரும் சிரிப்பாய்ச் சிரிக்க, அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை. மறுபடி ஏற்றிப் பார்த்தால், காலையை விட எடை குறைந்திருந்தது. அந்த மனிதர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "கல்லு சரியில்ல, பேஜாரு புடிச்ச கல்லு" என்றார்! கல்லின்மேல் சந்தேகம் வந்ததே தவிர, தன் புத்தியின்மேல் வரவில்லை.

அன்றோடு சின்னம்மா மண்டிக்குப் போகவில்லை. பாயை விட்டும் எழவில்லை. "ஏன்டி இப்பிடிப் படுத்துக்கினே கீற?" என்று அம்மா கேட்டால், "மண்ணுக்குள்ள போயிட்டா தேவலாம் போல கீதுக்கா" என்பாள். அதற்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது: "கொழுப்பு". உடம்பில் ஏறினாலும் கொழுப்பு, வாய் பேசாமல் கிடந்தாலும் கொழுப்பு. என்ன பாஷையோ, என்ன ஜனங்களோ!

கடைசியில் அம்மா யாரையும் கேட்காமல் அவளை விழுப்புரத்துக்கு ரயிலேற்றினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னம்மாவின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கே உள்ள ஒரு சுரப்பி வேலை செய்யவில்லை, உடம்பு உப்புவதும் மனசு சோர்ந்து கிடப்பதும் அதனால்தான் என்றார். "இவங்க தின்னு பெருக்கலம்மா. வயித்துக்குச் சோறு போடுங்க. இந்த மாத்திரைய மட்டும் ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது." அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மாத்திரை வேலை செய்தது. மழைக்காலம் முடிவதற்குள் வீக்கம் வடிந்து, குரல் திரும்பி, சின்னம்மா மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பாத்தியா, வாயக் கட்டினதும் எளச்சிட்டா!" அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். "அதான் எளச்சாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" பெருத்ததுதான் நோய், இளைத்துவிட்டால் நோய் போயிற்று என்பது அவர் தீர்மானம். அம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை, விழுப்புரம் போவதும் மாத்திரையும் நின்றுபோயின.

அடுத்த மார்கழிக் குளிரில் முகம் மறுபடி உப்பி, பேச்சு நின்று, தூங்கினவள் தூங்கினபடியே போய்விட்டாள். கல்லறைக்குப் போகும் வழியில் பெட்டியைத் தோள் மாற்றிய ஒருவர், "இன்னா கனம் கனக்குறா!" என்றார். அழுதுகொண்டு வந்த அம்மா சட்டென்று நின்றாள். "இப்பவாச்சும் அவ ஒடம்பப் பத்திப் பேசாம தூக்கிக்கினு போங்கய்யா" என்றாள்.

அந்த மண்டி இன்று இல்லை. மல்லாட்டையை மெஷின் உடைக்கிறது. அந்தத் தராசு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்றோ, போய்த் தொலையட்டும். சின்னம்மாவின் நோய் எனக்கும் வந்து, தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில், தூரத்து உறவுக்காரி ஒருத்தி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு இன்னா பெரியம்மா, நல்லா ஒடம்பு வெச்சிக்கினு கீறீங்க, நோய் நொடி ஒண்ணும் இல்ல" என்றாள். நான் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எளைக்கிறதுக்கா?" என்று கேட்டாள்.