தண்ணி வந்துருச்சா?

இன்று தஞ்சாவூர் பக்கம் ஒரு வாட்டர் பார்க்குக்குப் போயிருந்தேன். உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி டிக்கெட்தான்.

"நான் பொறந்ததே திருக்காட்டுப்பள்ளிங்க" என்றேன். ஆதாரில் இருந்தது சென்னை முகவரி.

கவுன்ட்டர் அக்கா சிரித்தார். "சரி, உங்க ஊர்ல தண்ணி வந்துருச்சா?"

"தினம் காலைல ஆறு மணிக்குப் பைப்புல வந்துடுதுங்க."

முழு டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிட்டார்.

எனக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண். பாபநாசத்து மருமகளாம். ஆதாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவரிடமும் அதே கேள்வி.

"ஆத்துல வந்துருச்சுக்கா. எங்க வாய்க்கால்லதான் இன்னும் ஏறல. நாத்து காயுது."

அந்தக் குரலில் இருந்த கவலை படித்து வருவதில்லை. அக்கா மறுபேச்சில்லாமல் பாதி டிக்கெட்டைக் கிழித்தார்.

வெளியூர்க்காரன் கேட்கிறேன்: உங்க பக்கம் தண்ணி வந்துருச்சா?