நீந்தத் தெரிந்தும் குதிக்கவில்லை

சென்ற ஞாயிற்றுக்கிழமை, வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், சம்பந்தி வீட்டு உறவினர் அத்தனை பேர் முன்னிலையிலும் நான் வேட்டியை அவிழ்த்தேன்.

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்!

கல்லூரியில் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மடிப்பு கலையாத எட்டு முழ வேட்டி இல்லாமல் வாசல் தாண்டாதவன். ஓய்வுக்குப் பிறகு சேலத்தில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். அதுவரை நீந்தத் தெரியாதா என்கிறீர்களா? தெரியும் – தலையை வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும் கிணற்று நீச்சல். முகத்தை நீருக்குள் வைத்துப் பக்கவாட்டில் மூச்செடுக்கும் ஃப்ரீ ஸ்டைலும், மல்லாந்து செல்லும் பேக் ஸ்ட்ரோக்கும் இந்த வயதில்தான் கைவந்தன. நன்றாகவே கைவந்தன, இதில் அடக்கம் காட்ட ஒன்றுமில்லை.

பயிற்சியாளர் கோபிநாத்துடன் ஒரே ஒரு விஷயத்தில்தான் மோதினேன். "யாராவது தத்தளிச்சா முதல்ல எதையாவது வீசுங்க சார். உடனே குதிச்சிடாதீங்க" என்றார்.

"நீந்தத் தெரிந்தவன் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதா?" என்றேன்.

அவர் குளத்தில் இறங்கினார். தாமே மூழ்குவதுபோல் நடித்து, என்னைக் காப்பாற்றச் சொன்னார். நெருங்கியதும் இரு கைகளாலும் என் கழுத்தைக் கட்டி... குளத்து நீரின் சுவையை அன்று அறிந்தேன்.

"மூழ்கறவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியாது சார். ஏறி நிக்க ஒரு இடம், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். தோட்டத்து விருந்துக்கு முன் கைகால் கழுவக் கிணற்றுப் படிக்கட்டில் இறங்கிய சம்பந்தி, பாசி வழுக்கி உள்ளே விழுந்தார். விசைத்தறிகள் வைத்திருப்பவர், நல்ல ஆகிருதி, நீச்சல் அறவே தெரியாது.

மேலிருந்து சம்பந்தியம்மாள் அலறினார்: "ஏனுங்க, நீங்கதான் நீச்சல் பழகறீங்களே... குதிங்க சாமி!"

குதித்திருந்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால், சம்பந்தியின் கைகள் வெறுங்காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டதைப் பார்த்தேன். கடைசிப் படிக்கு இறங்கினேன். வேட்டியை உருவி, ஒரு முனையில் முடிச்சிட்டு, நனைத்து, குப்புறப் படுத்துக்கொண்டு வீசினேன். எட்டவில்லை. அவர் தலை உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடி வீசினேன். "சம்பந்தி, வேட்டியைப் புடிங்க!" பிடித்தார். இழுத்தேன்.

அவர் படியில் கிடந்து மூச்சு வாங்கும்போதே அவருடைய தம்பி ஆரம்பித்துவிட்டார்: "ஏனுங்க, சேலம் போயி நீச்சல் பழகி, கடைசீல கத்துக்கிட்டது வேட்டி அவுக்கறதைத்தானுங்களா?"

ஒரே சிரிப்பு. பட்டாபட்டி டிராயருடன் நான் நிமிர்ந்தே நின்றேன். என் மனைவிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சம்பந்தி தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "சிரிக்காத சாமி. அவரு குதிச்சிருந்தா அவரு தலை மேலதான் ஏறியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரையுமில்ல தூக்கியிருப்பீங்க."

சிரிப்பு நின்றது.

நீரில் பாய்பவனை வீரன் என்கிறோம். படியில் படுத்து வேட்டி வீசுபவனுக்கு...? இன்னும் பெயரே வைக்கவில்லை. காப்பாற்றப் போனவரும் மூழ்கினார் என்ற செய்தியைப் படித்து, 'ஐயோ பாவம்' என்று எத்தனை முறை பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்? அந்தச் செய்தியில் என் பெயர் வராததைக் கோழைத்தனம் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று மதியம் சம்பந்திகள் இருவருக்கும் அருகருகே இலை போட்டார்கள் – என் இடுப்பில் அவருடைய மாற்று வேட்டி!